பெரகலச் சந்தியும் ஊவாவின் மலைப்பாதைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிகுல்ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கு நோக்கி ஏறிச்செல்லும் நெடுஞ்சாலை, ஹல்துமுல்லைக்கு அப்பால் பெரகல என்னும் இடத்தில் இரண்டாகக் கிளைக்கின்றது. ஒரு கிளை மலைச்சரிவைச் சுற்றி ஏறி அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல வழியாகப் பதுளைப் பக்கம் செல்கின்றது. மற்றைய கிளை கொஸ்லந்தை வழியாக வெல்லவாயச் சமவெளிக்கு இறங்கி, மொனராகலை, பொத்துவில் ஆகியவற்றைக் கடந்து மட்டக்களப்பை அடைகின்றது. சிங்களத்தில் 'பெர' என்பது மேளத்தையும் 'கல' என்பது பாறையையும் குறிக்கும். பெயரளவில் ஒரு பாறையாகவும், தோற்றத்தில் ஒரு சிறு சந்தியாகவும் இருப்பினும், ஊவாவின் வரலாற்றை அறிய விரும்புவோர் நின்று நோக்கவேண்டிய இடம் இதுவாகும். மேலேறும் பாதையும் கீழிறங்கும் பாதையும் எவருக்காக, எவரால், எக்காலத்தில் அமைக்கப்பட்டன என்ற வினாவை இச்சந்தியே எழுப்புகின்றது.

அண்மைக் காலத்தில் துவிச்சக்கர வண்டியில் மலைநாட்டைச் சுற்றிவரும் வழக்கம் உள்நாட்டவரிடையேயும் வெளிநாட்டவரிடையேயும் பரவியுள்ளது. 'வரலாற்றுப் புகழ்மிக்க கிராமங்கள்' எனச் சில இடங்கள் அவர்களுக்குச் சுட்டிக்காட்டப்படுகின்றன. அவ்வாறு சுட்டப்படுவன யாவை, சுட்டப்படாதன யாவை என்பதை ஊவாவின் பாதைகளைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியும் சாய்வும்

1817 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் ட்ரைஸ் என்பவர், காலால் உந்திச் செலுத்தும் இருசக்கர மரவண்டியொன்றை முதன்முதலாக ஓட்டிக்காட்டினார். அதே ஆண்டு செப்ரெம்பரில் ஊவா மக்கள் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக எழுந்தனர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆயின் பின்னைய வரலாறு இரண்டையும் ஒன்றிணைத்தது. 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் இன்றைய அமைப்பிலான வண்டியை உருவாக்கினார். 1888 இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இதனால் உலகெங்கும் இறப்பருக்குத் தேவை பெருகிற்று. 1876 இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட பிரேசில் நாட்டு இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் தாழ்ந்த மலைச்சரிவுகளை மூடின. இறப்பர்ப் பால் எடுத்தோரிற் பெரும்பகுதியினர் சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்க வகையற்றவர்களாயிருந்தனர் என்பது இவ்வரலாற்றின் மறுபக்கமாகும்.

யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கர வண்டி, ஆசிரியரும் விவசாயியும் மாணவரும் மீன் வியாபாரியும் பயன்படுத்தும் பொதுவாகனமாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. சமதரை அதற்கு இடமளித்தது. ஊவாவின் நிலை வேறு. ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்திலுள்ள வெல்லவாயவிலிருந்து 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளை வரை ஏறக்குறைய 40 கிலோமீற்றர். இத்தூரத்தில் 1,200 மீற்றருக்கு மேல் ஏறவேண்டும். பஸ்ஸில் செல்பவருக்கு இது சில வளைவுகளும் ஒரு நீர்வீழ்ச்சியுமே. வண்டியை மிதிப்பவரோ ஒவ்வொரு அடியையும் தம் முழங்காலால் அளந்தறிகின்றார். ஆயினும் அவர் விரைவில் ஒன்றைக் கண்டுகொள்வார். பாதை நீளமாக இருக்கின்றதேயன்றிச் செங்குத்தாக இல்லை. முப்பது அடி முன்செல்ல ஓரடி உயரும் என்ற அளவையொட்டியே அதன் சராசரிச் சாய்வு அமைந்துள்ளது. மலை எவ்வளவு செங்குத்தாயினும் பாதை வளைந்து வளைந்து அச்சாய்வைப் பேணுகின்றது.

இது தற்செயலன்று. பாரமேற்றிய மாட்டுவண்டி ஏறக்கூடிய சாய்வுக்கு ஏற்பவே இத்தகைய பாதைகள் அளந்து வெட்டப்பட்டன. எனவே சாய்வும் ஒரு வரலாற்றுச் சான்றாகும். கல்வெட்டை வாசிப்பது போல அதனையும் வாசிக்க முடியும்.

சக்கரத்துக்கு முந்திய பாதைகள்

சக்கரப் பாதைகள் தோன்றுவதற்கு முன்னர் ஊவா தனித்துக் கிடந்தது எனக் கருதுவது தவறு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பதுளைத் தூண் கல்வெட்டு, மகியங்கனையை அடுத்த ஹோபிட்டிகம என்னும் சந்தையில் கைக்கொள்ளப்படவேண்டிய வணிக ஒழுங்குகளையும் வரி முறைகளையும் விரிவாகக் கூறுகின்றது. சந்தையும் சுங்கமும் இருந்தனவாயின் அங்கு செல்லும் பாதைகளும் இருந்திருத்தல் வேண்டும். கண்டி இராச்சிய காலத்தில் கீழைக்கரையின் உப்பையும் கருவாட்டையும் மலைநாட்டுக்கும், மலைநாட்டின் பாக்கு முதலியவற்றைக் கரைக்கும் கொண்டுசென்றவை 'தவளம்' எனப்பட்ட பொதிமாட்டு வரிசைகளாகும். இத்தொழிலில் முஸ்லிம் வணிகர் சிறப்பிடம் பெற்றிருந்தனர். ஹாலிஎலவுக்கு அணித்தான போகொடையில் இன்றும் காணப்படும் கூரை வேய்ந்த மரப்பாலம், பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய நடைபாதையின் எச்சமாகும். அதன் அகலம் மனிதனையும் மாட்டையும் மனத்திற்கொண்டு அமைந்தது, வண்டியை அன்று.

பாதைகள் ஒடுங்கியிருந்தமைக்கு அரசியற் காரணமும் உண்டு. கண்டி மன்னனின் சிறையாளியாக நெடுங்காலம் வாழ்ந்த ரொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில், நாட்டின் வழிகள் ஒடுக்கமாகவே வைக்கப்பட்டிருந்தமையையும் அவற்றில் முட்கதவுகள் இடப்பட்டிருந்தமையையும் குறிப்பிட்டுள்ளார். அகன்ற பாதை பகைவனுக்கே துணைபுரியும் என்பது அன்றைய அரசின் பட்டறிவு. 1630 ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா ஊவாவினுட் புகுந்து பதுளையைத் தீக்கிரையாக்கினான். திரும்பும் வழியில் வெல்லவாயவை அடுத்த ரந்தெனிவெலவில் அவனது படை சூழப்பட்டது. உடன்வந்த உள்நாட்டு லஸ்கரின் வீரர்கள் மன்னன் பக்கம் சேர்ந்தனர். டி சா களத்தில் மாண்டான். ஹல்துமுல்லைக்கு அண்மையில், போர்த்துக்கேயருடையதெனக் கருதப்படும் கற்கோட்டையொன்றின் சிதைவுகள் உள்ளன. மேட்டுநிலத்துக்கும் தாழ்நிலத்துக்கும் இடைப்பட்ட இவ்வாயிலைக் கைக்கொள்வதற்கு எவரும் விரும்பினர் என்பதற்கு அச்சிதைவுகள் சான்றாக நிற்கின்றன.

படைக்கும் கோப்பிக்குமான பாதைகள்

1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. இரண்டாண்டுகளுள் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. பொதிமாட்டுப் போக்குவரத்துக்குப் பொறுப்பான பதவியில் ஹாஜி மரைக்கார் என்பவரை ஆங்கில அரசு அமர்த்தியமை, உள்ளூர்த் தலைவர்களின் அதிகாரத்தைக் குறைப்பதாகக் கருதப்பட்டது. கிளர்ச்சிக்கு அண்மைக் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். போக்குவரத்தின்மீதான ஆதிக்கம் எத்துணை முக்கியத்துவம் வாய்ந்திருந்தது என்பதை இஃது உணர்த்தும். பதுளையிலிருந்த அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை கிளர்ச்சியாளருடன் இணைந்தார். 1818 நவம்பர் 26 இல் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயல்களும் கால்நடைகளும் நீர்ப்பாசன அமைப்புகளும் அழிக்கப்பட்டதால் வெல்லஸ்ஸ நெடுங்காலம் மீளவியலாத நிலையை அடைந்தது. படைகள் விரைந்து செல்லப் பாதைகள் வேண்டும் என்ற பாடத்தை ஆட்சியாளர் கற்றது இக்காலத்திலேயாகும்.

படைக்கென எழுந்த எண்ணத்தைக் கோப்பி விரிவாக்கிற்று. 1830 களின் பின் மலைச்சரிவுகளிற் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. விளைந்த கோப்பியைத் துறைமுகத்திற் சேர்ப்பதே தோட்டத் துரைமாரின் பெருங்கவலையாயிருந்தது. ஊவாவின் கோப்பி இரத்தினபுரி வரை மாட்டுவண்டியிலும், அங்கிருந்து களுகங்கை வழியே படகிலும் கரையை நோக்கிச் சென்ற காலமும் உண்டு. பெரகல வழியான மேற்குப்பாதையின் முக்கியத்துவம் இதனாற் புலனாகும்.

இப்பாதைகளில் எவருடைய உழைப்புச் செலவாயிற்று? 1848 இல் ஆளுநர் டொரிங்டன் காலத்திற் கொணரப்பட்ட வீதிச் சட்டம், வயதுவந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும், அல்லது அதற்கீடான பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருணாகலையிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஏனைய புதிய வரிகளும் தூண்டுகோலாயின. கிராமத்துச் சிங்கள விவசாயியின் கட்டாய உழைப்பும், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் கூலி உழைப்பும் மலைநாட்டுச் சாலைகளிற் கலந்துள்ளன. பிற்காலத்தில் இனத்தால் எதிரெதிரே நிறுத்தப்பட்ட இரு மக்களும் ஒரே சாலையின் கற்களைச் சுமந்தவர்கள் என்பது வரலாற்று மாணவர் மறக்கலாகாத செய்தியாகும்.

பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பேர்பெற்றவர். 1845 யூன் 7 இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகப் பதுளையில் எழுந்த புனித மாற்கு தேவாலயம் இன்றும் உள்ளது. இம்மலைகளில் நோயாலும் குளிராலும் மாண்ட தொழிலாளருள் ஒருவர் பெயரையேனும் தாங்கிய கல்லொன்றைப் பெரகலயிலிருந்து பதுளை வரையான சாலையோரத்தில் காண்பது அரிது.

1869 இல் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பூஞ்சணம் முதலிற் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அந்நோய் கோப்பித் தொழிலையே வீழ்த்திற்று. அதனிடத்தைத் தேயிலை பிடித்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் இலங்கை வந்து அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். பயிர் மாறினும் பாதை மாறவில்லை; பாதையோர மக்களின் நிலையும் பெரிதும் மாறவில்லை.

குறுக்குப் பாதைகள்

சாலையில் ஏறும் வண்டியோட்டி, வளைவுக்கு வளைவு தேயிலைச் செடிகளுக்கிடையே நேர்மேலாகச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளையும் கற்படிகளையும் காண்பார். தோட்டத்து மக்கள் இவற்றைக் 'குறுக்கு' என்பர். சாலை ஒரு மைல் சுற்றும் இடத்தில் குறுக்கு சில நூறு அடிகளில் முடிந்துவிடும். லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும், பாடசாலைக்கும், கோயிலுக்கும், சுடுகாட்டுக்கும் செல்வன இக்குறுக்குகளே. இவற்றில் வண்டி ஏறாது; தோளிலோ தலையிலோ சுமப்பவரே ஏறுவர்.

ஆகவே ஒரே மலையில் இருவகைச் சாய்வுகள் உள்ளன. ஒன்று மாட்டின் வலிமைக்கு இரங்கிச் சுற்றிச்செல்லும் சாய்வு. மற்றையது மனிதரின் வலிமையைப் பொருட்படுத்தாது நேரே ஏறும் சாய்வு. புகையிரதப் பாதை இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். மலைநாட்டுப் பாதையின் உச்சச் சாய்வு 44 க்கு 1 ஆகும். அதனைப் பேணுவதற்காக மலைகள் குடையப்பட்டன. பள்ளத்தாக்குகள் பாலத்தாற் கடக்கப்பட்டன. 1885 இல் நானுஓயாவை எட்டிய புகையிரதம் 1893 இல் அப்புத்தளையையும் 1894 இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. தெமோதரையில் பாதை தன்னைத்தானே வளைந்து தன் நிலையத்துக்குக் கீழாகவே சுரங்கத்துட் செல்வதும், எல்லவை அடுத்த ஒன்பது வளைவுப் பாலமும் இச்சாய்வுக் கணக்கின் விளைவுகளே. 1924 இல் முதற் புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. தேயிலைப் பெட்டிக்காக மலை குடையப்பட்ட அதே காலத்தில், கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணுக்குக் குறுக்கே வழியாயிருந்தது.

இத்தோட்டங்களுக்கு அம்மக்கள் வந்த வழியும் கால்நடையே. தென்னிந்தியக் கரையிலிருந்து கடல் கடந்து, மன்னார், அரிப்பு வழியாகக் காடுகளினூடே மாத்தளை வரை நூறு மைலுக்கு மேல் நடந்தனர். ஊவாவுக்குச் செல்வோர்க்கு அதற்கப்பாலும் மலைகள் இருந்தன. 1964 அக்ரோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பகிரப்பட்டனர். பாட்டன் நடந்துவந்த திசையிற் பேரன் புகையிரதத்தில் திரும்பிச் சென்றான். தேயிலையை இறக்கவென அமைந்த பாதையே அதனை நட்டவரின் சந்ததியையும் இறக்கிச் சென்றது.

கிராமமும் தோட்டமும்

பெரகலயிலிருந்து பதுளை வரை 'வரலாற்றுச் சிறப்புடையவை' எனச் சுட்டப்படும் இடங்களை நோக்குவோம். ஹல்துமுல்லைக் கோட்டை, தங்கமலையில் 1931 இல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டுவித்துப் பின்னர் கிறிஸ்தவத் துறவி மடமாக மாறிய அடிசம் மாளிகை, தம்பேதன்னத் தொழிற்சாலை, லிப்டன் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகக் கூறப்படும் குன்று, நிறைவுறாத பெரும் புத்தர் சிலையைக் கொண்ட தோவக் குகை விகாரை, போகொடைப் பாலம், பதுளை முத்தியங்கனை விகாரை. இவையனைத்தும் காணத்தக்கனவே. ஆயினும் நூற்றைம்பது ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்ந்துவரும் லயங்களும், அவற்றின் மாரியம்மன் கோயில்களும், காமன் கூத்து ஆடப்படும் முற்றங்களும் இவ்வரிசையில் இடம்பெறுவதில்லை. கோட்டையைக் கட்டியவன் அதில் வாழ்ந்த காலத்திலும் பன்மடங்கு நீண்ட காலம் லயத்தில் மக்கள் வாழ்ந்துள்ளனர். எனினும் லயம் 'கிராமம்' எனப்படுவதில்லை.

இது வெறும் சொல் வழக்கன்று, சட்டத்தின் வழக்குமாகும். 1937 இல் கிராமச் சபைச் சட்டத்துக்குக் கொணரப்பட்ட திருத்தம், தோட்டங்களில் வதியும் இந்தியத் தொழிலாளரைக் கிராமச் சபை வாக்குரிமையிலிருந்து விலக்கிற்று. 1948 இன் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு பாராளுமன்ற வாக்குரிமையும் பறிபோயிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; லயம் லயமாகவே இருந்தது. 1987 இன் பிரதேச சபைச் சட்டமும் தோட்டப்பகுதிகளிற் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாயமைந்தது. தோட்டத்தாரின் வாக்கைப் பெற்ற சபைக்கு அவர்களுடைய குறுக்கில் ஒரு படிக்கல் வைப்பதும் சிக்கலாயிருந்தது. 2003 இல் நாடற்றோர் நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் நிறைவேறிற்று. பிரதேச சபைகள் தோட்டங்களில் பணியாற்ற வழிசெய்யும் திருத்தம் 2018 இலேயே வந்தது. கிராமம் என்ற சொல்லுக்கும் தோட்டம் என்ற சொல்லுக்குமிடையே அமைந்த இடைவெளியைக் கடக்கச் சட்டத்துக்கு எண்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அவ்விடைவெளியின் விலை பெரகலக்கு அண்மையிலேயே ஒரு காலைப்பொழுதில் வெளிப்பட்டது. 2014 அக்ரோபர் 29 ஆம் திகதி, தொடர்மழையின் பின், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அச்சரிவு அபாயமானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அபாயம் எனத் தெரிந்தும் அம்மக்கள் ஏன் அங்கிருந்து அகலவில்லை என அப்போது சிலர் வினவினர். வினாவுக்குரிய விடை வரலாற்றில் உள்ளது. காணி அவர்களுடையதன்று, வீடு வேலையோடு கட்டுண்டது, வேறிடத்தில் வீடமைக்க அவர்களுக்கெனத் துண்டு நிலமும் இல்லை. காடழிக்கப்பட்ட செங்குத்தான சரிவும் தளர்ந்த மண்ணும் பெருமழையும் சேருமிடத்தில் மண் சரியும் என்பது புவியியல் கூறும் உண்மை. அச்சரிவின் அடியில் எவர் வாழ்கின்றார் என்பதைத் தீர்மானித்தது புவியியலன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் ஊவாவின் பாதைகள் மூன்று படைகளாக அமைந்துள்ளமை புலனாகும். அடியிற் கிடப்பது தவளமும் யாத்திரிகரும் சென்ற பழைய நடைபாதை. அதன்மேல் அமைந்தது படைக்கும் கோப்பிக்கும் தேயிலைக்குமான சக்கரப்பாதை. இவற்றுக்கு ஊடே, எந்த அளவையாளரின் கணக்கிலும் சேராது, உழைப்போரின் கால்களாலேயே உருவானது குறுக்கு. முதலிரண்டும் நூல்களில் இடம்பெற்றுள்ளன. மூன்றாவதன் வரலாறு பெரும்பாலும் இன்னும் எழுதப்படவில்லை.

துவிச்சக்கர வண்டியின் சிறப்பு அது மெதுவாகச் செல்வதிலன்றி, நினைத்த இடத்தில் நிறுத்த இடமளிப்பதிலேயே உள்ளது. பெரகலயில் இளைப்பாறும் பயணி பனிமூட்டத்தையும் தென்கரை வரை விரியும் சமவெளியையும் கண்டு மகிழ்தல் இயல்பே. அதனோடு, வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு ஒரு குறுக்கில் ஏறிப்பார்ப்பாராயின், கோட்டையும் மாளிகையும் கூறாத வரலாற்றை லயத்துத் திண்ணையில் இருக்கும் முதியவர் வாயிலாகக் கேட்கலாம். இன்ன மலைக்கு இன்ன பெயர் ஏன் வந்தது, எந்தக் கங்காணியோடு எவ்வூரிலிருந்து குடும்பம் வந்தது, கோயிலுக்கு முதற் கல் இட்டவர் எவர், 1964 ஒப்பந்தத்தின் பின் எந்த வீட்டார் போயினர், எவர் தங்கினர் என்பன போன்ற செய்திகள் ஏட்டிலில்லை, நினைவிலேயே உள்ளன. நினைவு மனிதரோடு மறைவது.

ஆதலின் பல்கலைக்கழகத்தின் தமிழ், வரலாறு, புவியியல் துறை மாணவர் ஒன்றிணைந்து, பெரகல தொடக்கம் பதுளை வரையான தோட்டங்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுக்க முற்படுதல் தக்கதாகும். ஒரு விடுமுறைக் காலத்தில் தொடங்கக்கூடிய பணி அது. அதற்கு வேண்டுவன ஒலிப்பதிவுக் கருவியும், குறிப்பேடும், ஏறுவதற்கு அஞ்சாத கால்களுமே. அத்தொகுப்பு நிறைவுறும் நாளில் ஊவாவின் வரலாற்றுக் கிராமங்களின் பட்டியல் இன்றுள்ளதினும் பன்மடங்கு நீண்டிருக்கும்.